உண்மைப் பெயரும் உண்மை நிறமும்: எர்த்ஸீ தீவுகளின் கதை



மந்திரப் பள்ளிக்கூடம் என்றதும் நம் பிள்ளைகள் சட்டென்று சொல்லும் பெயர் ஹாரி பாட்டர். அந்த வரிசையின் முதல் நூல் 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே, 1968-இல், ஓர் ஏழைச் சிறுவன் தீவு ஒன்றிலுள்ள மந்திரப் பள்ளிக்குப் போகும் கதையை ஓர் அமெரிக்கப் பெண்மணி எழுதிவிட்டார். அந்தச் சிறுவன் வெள்ளையன் அல்லன். செம்பு நிறத்துப் பழுப்புத் தோல் கொண்டவன்.

அந்தப் பெண்மணி உர்சுலா லெ குவின். அவர் படைத்த உலகத்தின் பெயர் எர்த்ஸீ. மண்ணும் கடலும் சேர்ந்தது என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஐந்து புதினங்கள், ஒரு கதைத் தொகுப்பு, தனியாக வந்த சில சிறுகதைகள் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விரிந்த வரிசை அது.

அந்த உலகத்தில் வாழும் மக்கள் யார், அங்கே மந்திரம் எப்படி வேலை செய்கிறது, அந்நூல்கள் எப்படி வெளிவந்தன என்பதை இன்று பார்ப்போம். இம்மூன்றும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றினாலும் இவற்றை ஒரே கேள்விதான் இணைக்கிறது. ஒரு பொருளை, ஓர் ஆளை, ஒரு மக்கள் கூட்டத்தை அவர்களுக்கு உரிய பெயராலும் உரிய உருவத்தாலும் காட்டுகிறோமா, இல்லையா என்பதே அக்கேள்வி.

எழுத்தாளர் வளர்ந்த வீடு

உர்சுலா 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழிகளையும் வழக்கங்களையும் ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். தாயார் தியடோரா குரோபரும் எழுத்தாளர்.

தியடோராவுக்குப் பெயர் வாங்கித் தந்த நூல் 1961-இல் வெளிவந்தது. இஷி என்ற மனிதரின் வரலாறு அது. கலிபோர்னியாவில் யாஹி என்றொரு பழங்குடி இருந்தது. வெள்ளையர் குடியேற்றத்தின்போது நடந்த கொலைகளாலும் பசியாலும் அந்த இனம் அழிந்தது. எஞ்சிய கடைசி மனிதர் 1911-இல் மலைப்பகுதியிலிருந்து தனியாக வெளியே வந்தார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவரை அறிமுகப்படுத்தி வைக்க அவர் இனத்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆகவே குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் மொழியில் அதற்கு 'மனிதன்' என்றுதான் பொருள். 1916-இல் அவர் இறந்தபோது அவருடைய சொந்தப் பெயரும் அவரோடு போய்விட்டது.

உர்சுலா பிறப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே இஷி இறந்துவிட்டார். எர்த்ஸீ கதை அவரிடமிருந்துதான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதனின் பெயர் எத்துணை பெரிய உடைமை என்பதை அறிந்த வீட்டில் அவர் வளர்ந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தீவுகளில் வாழும் மக்கள்

கதை எழுதுமுன் லெ குவின் முதலில் செய்த காரியம் ஒரு பெரிய தாளில் வரைபடம் வரைந்ததுதான். சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான தீவுகள். கண்டம் என்று சொல்லத்தக்க பெரிய நிலப்பரப்பு எதுவும் இல்லை. எங்கே போனாலும் படகில்தான் போக வேண்டும்.

இத்தீவுகளில் பெரும்பாலோர் ஹார்டிக் மொழி பேசும் மக்கள். ஆடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், படகு கட்டுபவர்கள், கடல் வாணிகம் செய்பவர்கள் என்று பலரும் அவர்களில் உண்டு. அவர்கள் தோல் பழுப்பு, செம்பழுப்பு, கறுப்பு என்று தீவுக்குத் தீவு மாறும். கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர்த் தோழன் வெட்ச், கிழக்குப் பகுதித் தீவைச் சேர்ந்தவன். நல்ல கறுப்பு நிறம்.

வடகிழக்கில் நான்கு தீவுகளில் கார்க் மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள்தாம் வெள்ளைத் தோல் கொண்டவர்கள். கப்பலில் வந்து கொள்ளையடிப்பவர்கள் என்று மற்றத் தீவினர் அவர்களுக்கு அஞ்சுகிறார்கள். அவர்களிடம் மந்திரவாதிகள் கிடையாது. எழுத்தையும் மந்திரத்தையும் தீயவை என்று அவர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆங்கில மிகைக்கற்பனைக் கதைகளில் வெளுத்த நிறத்தவர் நாகரிகம் உடையவராகவும், கறுத்தவர் காட்டுமிராண்டிகளாகவும் வருவது அக்காலத்தில் பழகிப்போன ஒன்று. லெ குவின் அதை அப்படியே தலைகீழாக மாற்றி வைத்தார்.

தெற்கே கரை காணாத கடலில் ஒரு கூட்டம் மரத் தெப்பங்களின் மேலேயே பிறந்து, வளர்ந்து, மணந்து, மடிகிறது. தெப்பங்களைப் பழுது பார்க்க மரம் வெட்டுவதற்காக ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே அவர்கள் கரையேறுகிறார்கள்.

மேற்கே டிராகன்கள். இவை வெறும் விலங்குகள் அல்ல. மனிதரைவிடப் பழமையான அறிவுடையவை. பேசத் தெரிந்தவை. மனிதரும் டிராகன்களும் ஆதியில் ஒரே இனமாக இருந்து பிரிந்தவர்கள் என்ற செய்தி பிந்திய நூல்களில் வெளிப்படுகிறது. மனிதர்கள் பொருளும் உடைமையும் வேண்டும் என்றார்கள். டிராகன்கள் விடுதலை போதும் என்று சிறகு விரித்துப் போயின.

மந்திரம் என்பது பெயரை அறிவது

எர்த்ஸீயில் மந்திரம் எப்படி வேலை செய்கிறது? கோலைச் சுழற்றினால் பொறி பறக்கும் கதை இல்லை இது.

உலகம் தோன்றியபோது செகோய் என்ற முதல்வர் ஆதிமொழியில் பெயர் சொல்லிச் சொல்லித் தீவுகளைக் கடலிலிருந்து எழுப்பினார் என்பது அவர்கள் நம்பிக்கை. கல்லுக்கும் அலைக்கும் பருந்துக்கும் அந்த மொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. எதன் உண்மைப் பெயரை அறிகிறோமோ அதன்மேல் நமக்கு ஆற்றல் வருகிறது. ஆகவே மந்திரம் கற்பது என்பது மொழி கற்பதுதான். ரோக் தீவிலுள்ள பள்ளியில் ஒன்பது ஆசான்கள். காற்றைக் கட்டுபவர் ஒருவர், மூலிகை அறிந்தவர் ஒருவர், உருமாற்றம் கற்பிப்பவர் ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. அவர்களில் பெயராசான் என்பவர் ஒரு தனிக் கோபுரத்தில் அமர்ந்திருக்கிறார். மாணவர்கள் அங்கே போய் நாள் முழுவதும் பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு கடலை மொத்தமாக ஆள முடியாது. அதன் ஒவ்வொரு விரிகுடாவின் பெயரும் ஒவ்வொரு முனையின் பெயரும் தெரிய வேண்டும். அத்தனை உழைப்பு அது.

மனிதர்களுக்கும் அப்படித்தான். குழந்தைக்கு முதலில் ஒரு பெயர் இருக்கும். ஏறத்தாழ 13 வயதில் ஒரு மந்திரவாதியோ சூனியக்காரியோ அப்பெயரை நீக்கிவிட்டு உண்மைப் பெயரைச் சூட்டுகிறார். அதை யாருக்கும் சொல்லக் கூடாது. வெளியே புழங்க வேறொரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதாநாயகனுக்குச் சிறு வயதில் டனி என்று பெயர். ஊரார் அழைப்பது வல்லூறு என்று பொருள்படும் பெயரால். உண்மைப் பெயர்தான் கெட். ஒருவர் தம் உண்மைப் பெயரை இன்னொருவரிடம் சொன்னால் தம் உயிரையே அவர் கையில் ஒப்படைத்ததாகப் பொருள். வெட்ச் அப்படித் தன் பெயரைக் கெட்டிடம் சொல்லுமிடம் முதல் நூலின் மிக அழகான இடங்களில் ஒன்று. எல்லாரும் கெட்டைக் கைவிட்டுவிட்ட நேரத்தில் அவன் அதைச் சொல்கிறான்.

இரண்டாவது சட்டம் சமநிலை. கண்கட்டு வித்தையால் ஒரு கூழாங்கல்லை வைரம்போலக் காட்டலாம். அதில் தீங்கில்லை. ஆனால் அதை மெய்யாகவே வைரமாக்குவதானால் அதன் உண்மைப் பெயரை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் உலகமே சிறிது மாறிவிடும். ஒரு தீவில் வரவழைத்த மழை வேறொரு தீவில் வறட்சியாக முடியலாம். எனவே ஆற்றல் கூடக் கூட, செய்யத்தக்கவை குறைந்துகொண்டே போகும். கெட்டின் முதல் குரு ஓகியன் பெரிய மந்திரவாதி. ஆயினும் மழை பெய்தால் மரத்தடியில் ஒதுங்கி நனைந்தபடி நிற்கிறார். மழையை விரட்ட அவருக்குத் தெரியும். விரட்டுவதில்லை. இளைஞன் கெட்டுக்கு இது விளங்காமல் எரிச்சல் வருகிறது.

கெட்டின் நிழல்

முதல் நூலின் கதை இதுதான். கோன்ட் தீவில் தாயற்ற சிறுவன் டனி ஆடு மேய்க்கிறான். கார்க் படை ஊரைத் தாக்க வரும்போது, அரைகுறையாகக் கற்ற மந்திரத்தால் பனிமூட்டத்தை வரவழைத்து ஊரைக் காப்பாற்றுகிறான். ஓகியன் அவனுக்குக் கெட் என்று பெயர் சூட்டுகிறார். பிறகு அவன் ரோக் பள்ளிக்குப் போகிறான். அங்கே ஒரு மாணவனின் ஏளனத்தைப் பொறுக்க மாட்டாமல், வீம்புக்காக, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அழைத்த வழியே பெயரில்லாத ஒரு நிழலும் உலகத்துக்குள் புகுந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடுவதற்காகப் பள்ளியின் தலைமை மந்திரவாதி தம் உயிரையே செலவிடுகிறார். கெட்டின் முகத்தில் ஆறாத வடு விழுகிறது. நிழல் அவனைத் துரத்துகிறது.

இடையில் ஒரு நிகழ்ச்சி. சிறு தீவொன்றின் மக்களைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் கெட், அவர்களை அச்சுறுத்தும் கிழட்டு டிராகன் ஒன்றைத் தனியாகப் படகில் சென்று சந்திக்கிறான். பழைய கதைகளை ஆராய்ந்து அதன் உண்மைப் பெயரை ஊகித்து வைத்திருக்கிறான். ஊகம் சரியாகிவிட, டிராகன் கட்டுண்டுவிடுகிறது. அது ஓர் ஆசை காட்டுகிறது. "உன்னைத் துரத்தும் நிழலின் பெயரை நான் சொல்லித் தருகிறேன்" என்பதுபோல் பேரம் பேசுகிறது. அந்தப் பெயர் கிடைத்தால் கெட் பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் கேட்பது வேறு. இனி டிராகன்கள் இத்தீவுகளின் மக்களை அண்டக் கூடாது என்ற சத்தியத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். தன் உயிருக்கு வழி இருந்தும் ஊராருக்காக அதை விட்டுக்கொடுக்கிறான். முன்பு வீம்பால் கெட்டுப்போன அதே பையன்தான் இவன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இறுதியில் ஓடுவதை நிறுத்திவிட்டு அந்த நிழலைத் தானே துரத்திச் செல்கிறான். கடலின் எல்லையில் அதை நேருக்கு நேர் சந்தித்து அதற்குரிய பெயரால் அழைக்கிறான். அந்தப் பெயர் அவனுடைய சொந்தப் பெயர்தான். தன் குற்றத்தை 'இது என்னுடையது' என்று ஒப்புக்கொண்ட பிறகே அவன் முழு மனிதனாகிறான். போரில் எதிரியைக் கொன்று வெல்லும் கதையாக இதை முடிக்காததே இந்நூலின் தனிச்சிறப்பு.

நூல்கள் வெளிவந்த வழி

எர்த்ஸீ தீவுகள் முதன்முதலில் தலைகாட்டியது 1964-இல். 'ஃபெண்டாஸ்டிக்' என்ற அமெரிக்க இதழில் அவ்வாண்டு இரண்டு சிறுகதைகள் வந்தன. 1967-இல் பெர்க்லியிலிருந்த பார்னசஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகத்தின் உரிமையாளர், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நூல் எழுதித் தரும்படி லெ குவினைக் கேட்டார். அப்படி உருவானதுதான் 1968-இல் வெளிவந்த 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'.

1971-இல் இரண்டாவது நூல், 'த தூம்ஸ் ஆஃப் அத்துவான்'. இதில் கதாநாயகி தெனார் என்ற கார்க் இனத்துப் பெண். சிறு குழந்தையாக இருக்கும்போதே கோயில் பூசாரிணியின் மறுபிறவி என்று சொல்லி அவளைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பெயரையும் பறித்துவிட்டு, 'உண்ணப்பட்டவள்' என்று பொருள்படும் பட்டத்தால் அழைக்கிறார்கள். நிலவறையில் சிக்கிய கெட், அவளுடைய பழைய பெயரை அவளுக்குத் திருப்பித் தருகிறான். அவள் அவனுக்கு உயிரைத் திருப்பித் தருகிறாள். முதல் நூலில் கொள்ளைக்காரர்களாக மட்டும் வந்த கார்க் மக்களின் வீட்டுக்குள்ளேயே இந்த நூல் நம்மை அழைத்துச் செல்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

1972-இல் 'த ஃபார்தெஸ்ட் ஷோர்' வந்தது. சாவுக்கு அஞ்சிய ஒருவன் சாகாமல் இருக்க வழி தேடியதால் உலகத்திலிருந்து மந்திரமும் பொருளும் வடிந்துபோகின்றன. கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அந்தத் துளையை அடைக்கிறான். இந்நூல் 1973-இல் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. மூன்று நூல்களோடு வரிசை முடிந்தது என்றே வாசகர்கள் எண்ணினார்கள்.

வெளுக்கப்பட்ட கதாநாயகன்

கெட்டின் நிறத்தை லெ குவின் முதல் வரியிலேயே அறிவிக்கவில்லை. வாசகன் அவனோடு ஒன்றிப்போன பிறகு, போகிற போக்கில் தெரிய வைத்தார். வெள்ளைக்கார இளையர் ஒருவர் 'இவன் நானேதான்' என்று நினைத்துக்கொண்டு படித்து வரும்போது, அவன் பழுப்பு நிறத்தவன் என்பதைக் கண்டுகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். உலகத்தில் பெரும்பாலான மக்கள் வெள்ளையர் அல்லர். அப்படியிருக்கக் கற்பனை உலகத்தில் மட்டும் எல்லாரும் ஏன் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார்.

முதல் பதிப்பின் அட்டையில் ஓவியர் ரூத் ராபின்ஸ் கெட்டின் முகத்தைப் பழுப்பாகவே வரைந்தார். பின்னர் வந்த பல அட்டைகளில் அந்த நிறம் காணாமல் போயிற்று. பிரிட்டனில் வந்த ஒரு பதிப்பின் அட்டையில் கெட் வெளிறிப்போன ஆளாக நின்றதைக் கண்டு லெ குவின் கொதித்துப்போனார். உள்ளே கதை ஒன்று சொல்கிறது, வெளியே அட்டை வேறொன்று சொல்கிறது. எழுத்தாளருக்கு அட்டையில் தலையிடும் உரிமை அக்காலத்தில் மிகக் குறைவு.

இதன் உச்சம் 2004 டிசம்பரில் நடந்தது. அமெரிக்காவின் சை ஃபை தொலைக்காட்சி எர்த்ஸீ கதையைக் குறுந்தொடராக ஒளிபரப்பியது. கெட் வேடத்தில் ஒரு வெள்ளை நடிகர். ஓகியனாக நடித்த கறுப்பின நடிகர் டேனி குளோவரைப் போன்ற ஒரு சிலரைத் தவிர, முதன்மைப் பாத்திரங்களில் பெரும்பாலோர் வெள்ளையராகவே இருந்தனர். லெ குவின் வாளாவிருக்கவில்லை. அதே மாதம் 'ஸ்லேட்' இதழில் கட்டுரை எழுதித் தம் மறுப்பைப் பதிவு செய்தார். உரிமையை விற்ற பிறகு தயாரிப்பில் தம் சொல் எடுபடவில்லை என்பதையும், நிறம் தம் கதைக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் அதில் எடுத்துரைத்தார்.

அந்தத் தொடரில் இன்னொரு கூத்தும் நடந்தது. கெட் என்பதை ஊரறிந்த பெயராகவும், வல்லூறு என்பதை இரகசிய உண்மைப் பெயராகவும் மாற்றி வைத்துவிட்டார்கள்! பெயர்தான் மந்திரம் என்று சொல்லும் கதையில் பெயரையே இடம் மாற்றிவிட்டால் மிஞ்சுவது என்ன? நிறத்தை மாற்றியவர்கள் பெயரையும் மாற்றியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே வகைக் கவனக்குறைவு என்றே நான் கருதுகிறேன்.

2006-இல் ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி, கோரோ மியாசாகியின் இயக்கத்தில் ஓர் அசைபடம் எடுத்தது. அதுவும் நூல்களிலிருந்து வெகுதூரம் விலகிய படந்தான்.

தம்மையும் திருத்திக்கொண்டவர்

நேயர்களே, பிறர் தவற்றைச் சுட்டிக்காட்டுவது எளிது. லெ குவினை நான் மதிப்பதற்குக் காரணம், அதே கண்ணோடு அவர் தம்மையும் பார்த்துக்கொண்டதுதான்.

முதல் மூன்று நூல்களில் ரோக் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீமை நிறைந்தது என்பது அத்தீவுகளில் பழமொழி. கிராமத்துச் சூனியக்காரிகள் இளப்பமாகவே வருகிறார்கள். மாவீரர் கதைகளின் மரபு அப்படி இருந்தது. அவரும் அதைக் கேள்வி கேட்காமல் பின்பற்றினார். நிறத்தில் மரபை உடைத்தவர் பெண்கள் விஷயத்தில் மரபுக்குள்ளேயே நின்றுவிட்டார்.

மூன்றாம் நூல் வந்து 18 ஆண்டுகள் கழித்து, 1990-இல் 'தெஹானு' வெளிவந்தது. தெனார் இப்போது நடுத்தர வயது விதவை, பண்ணை வீட்டுக்காரி. கெட் ஆற்றலை இழந்து திரும்பி வருகிறான். அவனுக்கு வெட்கம், துயரம். சொந்தக்காரர்களே நெருப்பில் தள்ளி, பாதி முகம் வெந்துபோன ஒரு சிறுமியைத் தெனார் எடுத்து வளர்க்கிறாள். மாளிகையும் மந்திரமும் இல்லை. சமையல், ஆடு, தையல், அச்சம், அன்பு இவைதாம் கதை. முதல் மூன்று நூல்களை விரும்பிய வாசகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்நூல் நெபுலா விருதைப் பெற்றது.

'எர்த்ஸீயின் கடைசி நூல்' என்று தெஹானுவின் அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதுவும் தவறாயிற்று. 2001-இல் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' என்ற கதைத் தொகுப்பும் 'த அதர் விண்ட்' என்ற புதினமும் வந்தன. தொகுப்பிலுள்ள ஒரு கதை, ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதையும், பிற்காலத்து ஆண்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்கிறது. 'த அதர் விண்ட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. மந்திரம் தெரியாதவர்கள் என்று இகழப்பட்ட கார்க் மக்கள், இறந்தவர்கள் மீண்டும் பிறப்பார்கள் என்று நம்பினார்கள். சாகாமை வேண்டிய பழைய மந்திரவாதிகளோ டிராகன்களுக்கு உரிய நிலத்தைக் களவாடி, இறந்தோரை அங்கே ஒரு சுவருக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். கற்றவர்கள் செய்த பிழையைக் கல்லாதவர்களின் நம்பிக்கை காட்டிக்கொடுக்கிறது. அந்தச் சுவர் இடிவதோடு வரிசை நிறைவு பெறுகிறது.

முதல் நூலில் கெட் தன் நிழலைத் தன் பெயரால் அழைத்தான் அல்லவா? அதைப் படைத்தவரும் தம் எழுத்தின் நிழலை இப்படித்தான் எதிர்கொண்டார். பழைய நூல்களை மாற்றி எழுதவில்லை, மறைக்கவும் இல்லை. அவற்றை அப்படியே வைத்துவிட்டு, 'அன்று நான் பார்க்கத் தவறியது இது' என்று புதிய நூல்களால் காட்டினார்.

பெற்றோர் எழுப்பும் இரண்டு ஐயங்கள்

மந்திரக் கதைகள் பிள்ளைகளைக் கெடுக்காதா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். எர்த்ஸீயைப் பொறுத்தவரை, ஆற்றல் இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தாதே, விளைவை எண்ணிப் பார் என்பதே அதன் பாடம். குறுக்கு வழியில் மந்திரம் செய்தவர்கள் எல்லாரும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

எந்த வயதில், எந்த வரிசையில் படிப்பது என்பது அடுத்த கேள்வி. வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. முதல் மூன்று நூல்களை 12 வயதுக்கு மேற்பட்ட, ஆங்கிலம் ஓரளவு பழகிய இளையர் படிக்கலாம். வாக்கியங்கள் நிதானமானவை, வேகமான சண்டைக் காட்சிகளை எதிர்பார்க்க வேண்டாம். தெஹானுவில் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை வருவதால், அதை இன்னும் சற்று வளர்ந்த பிறகு, முடிந்தால் பெற்றோரும் உடன் படித்துப் பேசுவது நல்லது.

கடைசிப் பதிப்பு

லெ குவின் 2018 ஜனவரி 22-ஆம் நாள், தம் 88-ஆவது வயதில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லந்து நகரில் காலமானார். முதல் நூலின் ஐம்பதாம் ஆண்டான அதே 2018-இல், அக்டோபர் மாதம், எர்த்ஸீ கதைகள் அனைத்தும் ஒரே பெருந்தொகுதியாக வெளிவந்தன. ஓவியர் சார்ல்ஸ் வெஸ், லெ குவினோடு ஆண்டுக்கணக்கில் கலந்து பேசி அதற்குப் படங்கள் வரைந்திருந்தார். டிராகனின் முகம் எப்படி இருக்க வேண்டும், மக்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்று எழுத்தாளர் சொல்லச் சொல்ல வரைந்த படங்கள் அவை. அதில் கெட் அவனுக்குரிய நிறத்தில் இருக்கிறான். அத்தொகுதி 2019-இல் சிறந்த ஓவிய நூலுக்கான ஹியூகோ விருதையும் பெற்றது. அச்சாகி வந்த தொகுதியைக் கையில் எடுத்துப் பார்க்க லெ குவின்தான் இல்லை.

ஒரு கற்பனைப் பையனின் நிறத்துக்காக இவ்வளவு போராட வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். பழுப்பு நிறத்துப் பிள்ளை ஒன்று அந்த அட்டையைப் பார்க்கும்போது அதன் கண்ணில் தெரிவதை நினைத்துப் பாருங்கள். விடை கிடைத்துவிடும். அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, பிள்ளைகளுக்கு இந்த நூலை ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள். அட்டையில் கெட் எந்த நிறத்தில் இருக்கிறான் என்றும் சேர்ந்து பாருங்கள். அட்டை பொய் சொன்னால், உள்ளே இருக்கும் உண்மையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.